மனச்சோர்வை மறைக்க வேண்டாம். தொலைபேசியிலும் சிகிச்சை உண்டு



குடும்ப நலம் என்றவுடன் பிள்ளை எண்ணிக்கையும், தடுப்பூசியும், சத்துணவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் வீட்டில் ஒருவர் மனம் குன்றிப்போனால் அந்த வீட்டின் நலம் என்ன ஆகும்? அடுப்பு எரியும், மாடு கறக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். ஆனாலும் வீடு வீடாக இருக்காது. இந்தப் பிரசுரம் அதைப் பற்றியதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது நல்லது.

முதலில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டு ஒரு தடுப்பூசி முகாமுக்கு இளந்தாய் ஒருவர் ஏழு மாதக் குழந்தையுடன் வந்தார். "அசதியா இருக்குங்க, ராத்திரியில தூக்கம் புடிக்கல, நெஞ்சு பாரமா இருக்கு" என்றார். இரத்தசோகையாக இருக்கும் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினோம். மறுமாதம் அதையே சொன்னார். மீண்டும் மாத்திரை. மூன்றாவது முறை அவர் கணவர் மட்டும் வந்து, மரத்தடியில் தயங்கித் தயங்கி நின்றார். "புள்ள அழுதாக்கூட எடுக்க மாட்டேங்குது சார். சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. எங்கம்மா வேப்பிலை அடிக்கணும்ங்கிறாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றார்.

அன்றுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டுகளாக ஊர் ஊராகச் சுகாதாரம் பேசியவன் நான். "மனசு எப்படியம்மா இருக்கு?" என்ற ஒரு கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். அவர் எப்படித் தேறினார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மனச்சோர்வு என்பது என்ன?

மழை பொய்த்தால் கவலை வரும். நெருங்கியவர் இறந்தால் துக்கம் வரும். இவை நோய் அல்ல. நாளாக ஆகக் குறையும். நடுவில் பேரன் பேத்தி சிரித்தால் நாமும் சிரிப்போம். மனச்சோர்வு அப்படிக் குறைவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும், ஏறக்குறைய எல்லா நாளும் மனம் அமிழ்ந்தே கிடக்கும். அதன் அறிகுறிகள் வருமாறு:

1. எந்நேரமும் மனவருத்தம், காரணமில்லாத அழுகை.
2. முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போதல். திருவிழாவும் வேண்டாம், தொலைக்காட்சியும் வேண்டாம், தாம்பத்திய உறவிலும் நாட்டமில்லை.
3. தூக்கம் கெடுதல், அல்லது எந்நேரமும் தூங்குதல். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, அதன்பின் கண் மூடாமை.
4. பசி இல்லாமை, அல்லது மிகையாக உண்ணுதல்.
5. வேலை செய்யாமலே களைப்பு.
6. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம், வீண் குற்ற உணர்வு.
7. கவனம் நிற்காமை. உலையில் அரிசி போட்டோமா இல்லையா என்பதே மறந்து போதல்.
8. பேச்சும் நடையும் மந்தமாதல், அல்லது இருப்புக்கொள்ளாமை.
9. "செத்துப்போனா தேவலை" என்ற நினைப்பு.

இவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, அவற்றுள் முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்திருந்தால் மருத்துவர் அதை மனச்சோர்வு நோய் என்று கொள்வார். ஐந்து இல்லாவிட்டாலும் ஒன்பதாவது மட்டும் இருந்தாலே உடனே உதவி தேட வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. அது கடுமையாக இராது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக விடாது மந்தமாக இருந்துகொண்டே இருக்கும். ஊரார் "அவ சுபாவமே அப்படித்தான், சிரிக்கவே மாட்டா" என்பார்கள். அது சுபாவம் அல்ல, நீடித்த மனச்சோர்வு. அதற்கும் சிகிச்சை உண்டு.

ஆண்களுக்கு வராதா? வரும். ஆனால் ஆண் அழுவதில்லை. எரிந்து விழுவார், குடியில் இறங்குவார், வயல்பக்கம் போகாமல் திண்ணையிலே கிடப்பார். "சோம்பேறி" என்று வீடு ஏசும். அதற்குள்ளே நோய் இருக்கும்.

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டில் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. நம் நாட்டில் வயது வந்தோரில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று அதில் தெரியவந்தது. நூறு வீடுகள் உள்ள உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைவிட வருத்தமான செய்தி, அவ்வாறு நோயுற்றவர்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பதாகும்.

ஏன் வருகிறது?

பேய் பிடித்ததாலோ, முன்வினையாலோ, செய்வினையாலோ அல்ல. மூளையின் இரசாயன மாறுதல், பரம்பரை, வாழ்க்கைச் சுமை ஆகிய மூன்றும் பலவிதமாகச் சேர்ந்து இந்நோயை உண்டாக்குகின்றன. கடன், கணவன் அடித்தல், குடி, குழந்தையில்லாக் குறை, பிரசவம், நாட்பட்ட வலி, நீரிழிவு போன்றவை தூண்டுகோலாக அமையும்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்திற்குள் தானாகச் சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு. "பெத்த புள்ள மேல பாசமில்லாதவ" என்று யாரும் பழிக்க வேண்டாம். பாசம் இருக்கிறது, நோய் அதை மூடியிருக்கிறது.

தைராய்டு குறைவும் இரத்தசோகையும்கூட இதே போன்ற அசதியைத் தரும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். நாங்கள் சத்து மாத்திரை கொடுத்தது தவறல்ல. அதோடு நிறுத்தியதுதான் தவறு.

பேச்சு எப்படி மருந்தாகும்?

"பேசினா நோய் போயிடுமா?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. ஆறுதல் சொல்வது வேறு. பேச்சு சிகிச்சை வேறு. பேச்சு சிகிச்சைக்கு ஒரு முறை உண்டு, கணக்கு உண்டு.

கவலை ஏற்றத்தின் கயிற்றைக் கவனியுங்கள். ஒரு சுற்று தவறாகச் சுற்றினால் அடுத்த சுற்றும் அதன்மேல் தவறாகவே விழும். மனச்சோர்வும் அப்படித்தான். மனம் சோர்கிறது, ஆகவே வெளியே போவதில்லை. வெளியே போகாததால் நாலு பேரிடம் பேச்சில்லை, செய்து முடித்தோம் என்ற திருப்தியில்லை. அதனால் மனம் இன்னும் சோர்கிறது. "மனசு சரியானதும் எழுந்திருக்கலாம்" என்று காத்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டோம். சிகிச்சை இதைத் தலைகீழாகத் திருப்புகிறது. முதலில் எழுந்திரு, மனம் பின்னால் வரும் என்கிறது.

ஆகவே ஆலோசகர் முதலில் கேட்பது, "நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்தீர்கள்?" என்பதாகும். பிறகு மிகச் சிறிய ஒரு வேலையைத் தருவார். காலையில் எழுந்து முகம் கழுவி வாசல் தெளித்துக் கோலம் போடுதல். மாலையில் பத்து நிமிடம் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுதல். அதைச் செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று குறித்து வைக்கச் சொல்வார். வாரா வாரம் வேலை சற்றுக் கூடும்.

இரண்டாவது, எண்ணங்களைச் சோதித்தல். மாமியார் குழம்பில் உப்பு அதிகம் என்றால், சோர்ந்த மனம் "இந்த வீட்டுல யாருக்கும் என்னப் புடிக்கல" என்று எடுத்துக்கொள்கிறது. ஆலோசகர், "அதற்கு என்ன சாட்சி? அதற்கு மாறான சாட்சி உண்டா?" என்று கேட்டுப் பழக்குவார். பஞ்சாயத்தில் இரு தரப்பையும் விசாரிப்பது போல நம் எண்ணத்தையே விசாரிக்கக் கற்றுக்கொள்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறை இது.

மூன்றாவது, சிக்கலைப் பிரித்துப் பார்த்தல். "கடன்" என்று ஒரே மலையாகப் பார்க்காமல், யாருக்கு எவ்வளவு, எது முதலில், யாரிடம் தவணை கேட்கலாம் என்று எழுதிப் பார்ப்பது.

இதற்குப் பெரிய பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்பதில்லை. கோவா மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-ல் வெளியாயிற்று. மனநலத் துறையில் முன் அனுபவமில்லாத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, இந்த முறையில் ஆறு முதல் எட்டு முறை பேசச் செய்தார்கள். மூன்று மாதங்களில் அவ்வாறு பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர் 39 பேர். வித்தியாசத்தைப் பாருங்கள்.

தொலைபேசி வழியே சிகிச்சை

"எல்லாம் சரி, எங்க ஊர்ல மனநல மருத்துவர் ஏது? டவுனுக்குப் போக ஒரு நாள் கூலி போயிடும். பஸ்ஸில பாத்தவங்க ஊர் பூரா சொல்லிடுவாங்க" என்பீர்கள். உண்மைதான். தூரமும் கூலியும் கூச்சமும் சேர்ந்துதான் நோயாளியை வீட்டிலேயே முடக்குகின்றன. தொலைபேசி வழிச் சிகிச்சை இம்மூன்றையும் குறைக்கிறது.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பேருந்துக்குள் ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். மருந்தும் அந்தப் பேருந்திலேயே இலவசமாகத் தரப்பட்டது. மருத்துவரைத் தேடி ஊர் போன காலம் மாறி, ஊரைத் தேடி மருத்துவர் வந்தார்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையை நாடு முழுவதும் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே மாதம் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இச்சேவை தொடங்கப்பட்டது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது. தமிழில் பேசலாம்.

நீங்கள் கூப்பிட்டால் நடப்பது இதுதான். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். என்ன தொல்லை, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, உயிரை விடும் எண்ணம் உண்டா என்று கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சோடு தீரக்கூடியதாக இருந்தால் அவரே வழி சொல்வார். அதற்கு மேல் தேவைப்பட்டால் மனநல வல்லுநருக்கு இணைப்பார், அல்லது உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்.

ஆகவே 14416 என்பது முதல் வாசல். வாரந்தோறும் ஒழுங்காக நடக்கும் பேச்சு சிகிச்சை வேண்டுமானால், எங்கே எவர் தருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். முதல் முறை நேரில் பார்த்து, பிறகு கைப்பேசியிலோ காணொளியிலோ தொடர்வதும் உண்டு. ஒரு முறைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்பது பொதுவான அளவு.

இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு, ஆலோசகர் துணையோடு தொலைவிலிருந்து நடக்கும் சிகிச்சை, நேரில் பார்க்கும் சிகிச்சைக்கு ஏறக்குறைய சமமான பலன் தருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் பாடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆள் துணை இன்றித் தனியே செய்பவர்களுக்குப் பலன் குறைவு. பாதியில் விட்டுவிடுபவர்களும் அதிகம். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருப்பது முக்கியம்.

பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை

- தனிமையான இடம் பாருங்கள். மொட்டை மாடி, தோட்டம், ஆளில்லாத வேளையில் வரப்பு, எதுவானாலும் சரி. மாமியாரும் பிள்ளைகளும் சுற்றி நின்றால் மனம் திறக்காது.
- அந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். படம் விட்டு விட்டு வந்தால் குரலில் மட்டும் பேசலாம். அதனால் பலன் போய்விடாது.
- பல வீடுகளில் கைப்பேசி கணவரிடம்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் அது மனைவியின் கையில் முழு உரிமையோடு இருக்க வேண்டும். பிறகு வாங்கி, "யார்கிட்ட என்ன பேசினே?" என்று துருவக்கூடாது.
- ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால், செய்த நாளுக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு போதும்.
- சாப்பிடும் மருந்துகளின் சீட்டை அருகில் வையுங்கள்.
- இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் விளம்பரம் செய்பவர் எல்லோரும் மருத்துவர் அல்லர். மருத்துவர் என்று சொல்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ விதிகளின்படி அவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும். "பத்து நாளில் குணம், முன்பணம் கட்டு" என்பவரை நம்ப வேண்டாம். வங்கி ஓ.டி.பி. எண்ணை எந்த ஆலோசகரும் கேட்கமாட்டார்.

தொலைபேசி போதாத நேரங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் நேரில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்:

1. உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லுதல், அதற்கு ஏற்பாடு செய்தல்.
2. உணவும் நீரும் அறவே மறுத்தல்.
3. இல்லாத குரல் கேட்பதாகச் சொல்லுதல், காரணமற்ற பயமும் சந்தேகமும்.
4. பிள்ளை பெற்றவள் குழப்பமாகப் பேசுதல், குழந்தைக்குத் தீங்கு செய்வதாகச் சொல்லுதல். இது பிரசவ அவசரம் போன்றதே.
5. தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சும். இது வேறு வகை நோய். அதற்கு மருந்தும் வேறு.

இத்தகைய நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். முடிந்தால் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்ததால் பிழைத்தவர்கள் பலர். "சாகப்போறேன்னு சொல்றவங்க சாகமாட்டாங்க" என்பது தவறான பேச்சு.

ஐயங்களும் விளக்கங்களும்

கேள்வி: நான் பேசியது ஊருக்குத் தெரிந்துவிடுமா?
பதில்: தெரியாது. நோயாளியின் செய்தியை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், காப்பாற்றத் தேவையான அளவுக்கு உரியவரிடம் சொல்லலாம்.

கேள்வி: முன்பு தற்கொலைக்கு முயன்றேன். சொன்னால் போலீஸ் வழக்கு வருமா?
பதில்: அந்தப் பயம் வேண்டாம். கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பது அதே 2017 சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், முன்பு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய பிரிவும் இடம்பெறவில்லை.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் பழக்கமாகிவிடுமா?
பதில்: மனச்சோர்வு மாத்திரை போதைப்பொருள் போல் பழக்கமாவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் "கேக்கலை" என்று விட்டுவிடக்கூடாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஏற்ற மருந்து உண்டு. பழக்கமாகக்கூடிய சில தூக்க மருந்துகள் வேறு வகை. அவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

கேள்வி: கோயிலுக்குப் போகக்கூடாதா?
பதில்: தாராளமாகப் போங்கள். நாலு பேரைப் பார்ப்பதும் நடப்பதும் நல்லதே. ஆனால் கட்டிவைப்பதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் கூடவே கூடாது.

கேள்வி: என் கணவர் அடிக்கிறார். பேசினால் எனக்கு மனம் சரியாகிவிடுமா?
பதில்: அம்மா, அடிபடுபவரை மட்டும் பொறுமைசாலியாக்குவது சிகிச்சை ஆகாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உங்கள் பாதுகாப்பு முதலில்.

கேள்வி: எங்களிடம் நல்ல கைப்பேசி இல்லை. என்ன செய்வது?
பதில்: பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். அதுவும் இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இத்திட்டம் 1996-97-ல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் முதன்முதலாகத் தொடங்கியபோது அவற்றில் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

கணவருக்கு

"எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு, நீ மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்காதீர்கள் ஐயா. கால் ஒடிந்தவரிடம் ஓடு என்பதற்குச் சமம் அது. "நான் இருக்கேன், சொல்லு" என்று சொல்லிவிட்டு, பேசாமல் கேளுங்கள். உடனே தீர்வு சொல்ல வேண்டியதில்லை. அவர் தொலைபேசியில் பேசும் நேரத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். உறவில் நாட்டமில்லை என்றால் அது உங்கள்மேல் வெறுப்பு அல்ல, நோயின் அறிகுறி. வற்புறுத்த வேண்டாம்.

மனைவிக்கு

கணவர் பேச்சற்றுப் போனாலோ, குடி கூடினாலோ, "நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க" என்பது போலப் பேசினாலோ அதைச் சண்டைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அருகில் உட்கார்ந்து, "செத்துடலாம்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சே திரும்புகிறது. பிறகு இருவருமாக 14416-க்குப் பேசுங்கள்.

அந்த இளந்தாய் என்ன ஆனார்?

முதலில் இரத்தப் பரிசோதனை நடந்தது. கணவர் 14416-ஐக் கூப்பிட்டு, பிறகு மனைவியிடம் கொடுத்தார். முதல் நாள் அவர் பேசியது "ம்" என்ற சொல் மட்டுமே. ஆலோசகர் அவசரப்படவில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு முறை நேரில் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். வாரா வாரம் பேச்சு கைப்பேசியில் தொடர்ந்தது. அந்த நேரத்தில் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

முதல் வார வேலை, குழந்தையைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் நிற்பது மட்டும். மாமியார் குளிப்பாட்டுவார், இவர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். மூன்றாம் வாரம் இவரே குளிப்பாட்டினார். ஐந்தாம் வாரம் ஒரு நாள் மறுபடி படுத்துவிட்டார். "இப்படி நடுவில் வரும், பயப்படாதீர்கள்" என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்ததால் வீடு கலங்கவில்லை. நான்கு மாதம் கழித்து அடுத்த தடுப்பூசிக்கு வந்தபோது ஊசி போட்ட பிள்ளை வீறிட்டு அழுதது. எங்கள் செவிலியர் எடுக்கக் கை நீட்டினார். "கொடுங்கக்கா, எங்கிட்ட வந்தாத்தான் அடங்கும்" என்று அந்தத் தாய் வாங்கிக்கொண்டார். அன்று முகாமில் எங்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வேப்பிலை அடிக்கச் சொன்ன அதே மாமியார் இப்போது அந்தத் தெருவில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால், "அந்த நம்பருக்குப் போடுங்கடி" என்கிறாராம்.

நினைவில் நிறுத்துங்கள்

- இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்திருந்தால் அது நோய். நோய் என்றால் மருந்தும் உண்டு.
- 14416: மனநல உதவி. இரவு பகல், இலவசம், தமிழில்.
- 108: ஆபத்து நேரத்தில். 181: பெண்களுக்கான உதவி.
- பூச்சி மருந்து எப்போதும் பூட்டிலே இருக்கட்டும்.
- பாதியில் விடாதீர்கள். ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

படித்து முடித்ததும் இதை மடித்து உள்ளே வைக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாத இந்தத் தாள், சுவருக்கு அந்தப்பக்கம் யாருக்கோ தேவைப்படலாம்.

மனம் நலமானால் குடும்பம் நலமாகும்!